ஐம்பதாயிரமும் என் கோட்டும்

1

கஜா புயலில் என் தம்பி தோப்பில் நின்ற தென்னைகள் எல்லாம் ஒரே ராத்திரியில் சாய்ந்தன அல்லவா, மறுவருடம் அந்தக் குழிகளிலேயே புதுத் தென்னம்பிள்ளைகள் வைத்தார்கள். அதில் மோட்டார்க் கொட்டகையை ஒட்டி நின்ற பிள்ளைதான் முதலில் பாளை விட்டது. அது பாளை விட்ட மாதத்தில்தான் தம்பியின் பேத்தி அபிநயா காலேஜ் முடித்தாள். வருடத்தை எண்ணில் சொல்ல எனக்கு வராது. மரத்தையும் மழையையும் வைத்துச் சொல்வேன், நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மணமேல்குடிக்கு மேற்கே. நான் இருப்பது மலேசியாவில், கிள்ளானில். கப்பலில் வந்தவன். வந்த நாளிலிருந்து ஒரே சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட்டு, மகன் ரவி தலையெடுத்ததும் நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கும் காலையில் அந்தக் கடைக்கு நடந்து போய்ப் பால் டீ குடித்துவிட்டு வருவேன். இப்போது அங்கே கல்லில் நிற்பவன் ஒரு நேபாளத்துப் பையன். என்னைக் கண்டால் ரொட்டியை ஒரு சுற்று அதிகமாக வீசிக் காட்டுவான். டீக்குக் காசு வாங்க மாட்டான். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் கோமதி எழுதுகிறாள். இங்கே தமிழ்ப் பள்ளியில் டீச்சர் அவள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்குவது அவள் வேலை. ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதை மட்டும் பேசியபடியே விடச் சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்தினால் பேசினவர்கள் யாரோ ஆகிவிடுவார்கள்.

2

தம்பி இப்போது இல்லை. அவன் மகன் செல்வம்தான் தோப்பைப் பார்க்கிறான். செல்வத்துக்கு ஒரே பெண், அபிநயா. எங்கள் பங்காளிகளிலேயே இன்ஜினியரிங் படித்த முதல் பெண் பிள்ளை. ஒரு நாள் காலையில் வீடியோவில் கூப்பிட்டார்கள். குடும்பமே ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு எழுதிப் போடுகிறாள். கம்ப்யூட்டரிலேயே நிரப்புவது. அதில் ஒரு கட்டம், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று. கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாதாம்.

"இருபதாயிரம்னு போடட்டுமாப்பா? எங்க சீனியர் அக்காவுக்கெல்லாம் அதான் குடுத்தாங்க."

"இருபதா? தேங்கா பறிக்க வாரவனே நாளுக்கு ஆயிரம் கேக்குறான். நாலு வருசம் படிச்ச புள்ளைக்கு இருபதா?" என்றான் செல்வம்.

அபிநயாவின் தாய்மாமன் கருப்பையா பக்கத்திலேயே இருந்தான். மணமேல்குடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். "மச்சான், கேக்குறதுல என்ன கஞ்சத்தனம்? எழுவதுன்னு கேளுங்க. அவன் அடிச்சுப் பேசி அம்பதுல வந்து நிப்பான்."

அடுப்படியிலிருந்து செல்வத்தின் மனைவி வள்ளி குரல் கொடுத்தாள். "ஏன்டா தம்பி, நீ ஆட்டோவுக்குக் கூலி சொல்ற மாதிரியாடா இது? கம்பெனிக்காரன் எறங்கிப் பஸ்சுல போயிருவான்."

"ஐயோ மாமா, அதுல பேரம் பேச ஆளே இல்ல. கம்ப்யூட்டருதான் இருக்கு" என்றாள் பெண்.

"கம்ப்யூட்டருக்கு அங்கிட்டு ஒருத்தன் ஒக்காந்திருப்பான்ல? அவன் பேசுவான்."

செல்வம் போனை என் பக்கம் திருப்பினான். "பெரியப்பா, நீங்க சொல்லுங்க. வெளிநாடு பாத்தவங்க."

"நான் வெளிநாட்டுல பாத்ததெல்லாம் மாவும் கல்லும்தான்டா. என்னய விடு."

கடைசியில் கருப்பையாவின் எழுபதும் பெண்ணின் இருபதும் மல்லுக்கு நின்று ஐம்பதில் முடிந்தது. அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஐம்பதாயிரம் என்று அடித்தாள். அந்தப் பக்கம் மறைவதற்குள் செல்வம் அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டான். எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை.

கருப்பையா சொன்ன மாதிரி விலையைக் கூவிப் பேசுவது எங்கள் அப்பாவுக்குப் பிடிக்காது. அவர் மாட்டுத் தரகர். அறந்தாங்கிச் சந்தையில் விலை பேசும்போது வாயைத் திறக்க மாட்டார். வாங்குகிறவர் கையும் அவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். உள்ளே விரலைப் பிடிப்பார்கள், விடுவார்கள், மறுபடி பிடிப்பார்கள். இரண்டு முகமும் பேசாமல் மாட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். வியாபாரம் முடிந்தால் துண்டு தோளுக்குப் போய்விடும். என்ன விலை என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. வீட்டில் எங்களுக்கும் தெரியாது. அந்தச் சந்தைக்கு ஒருமுறை மழையில் மாட்டோடு நடந்து போய் நான் காய்ச்சலில் விழுந்தது தனிக்கதை. கோமதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சரி, அதை விடுகிறேன்.

3

அதே சமயத்தில் இங்கே என் பேரன் தினேஷும் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். ரவி, கோமதியின் மகன். அவனும் இப்படித்தான் கம்ப்யூட்டரில் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தான். ஒரு நாள் சாயந்திரம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன்டா, சம்பளம் எவ்வளவு கேட்டிருக்க?"

"தாத்தா, காஜி எல்லாம் கேக்கக் கூடாது லா. பெர்சனல்."

காஜி என்றால் மலாயில் சம்பளம். என்னிடம் பேசும் தமிழில் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கும். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து ரொட்டி மாவு உருட்டியவன். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரோடு இங்கிலீஷில் பேசுகிறான், கம்ப்யூட்டரும் பதில் பேசுகிறது. நான் எழுந்து வந்துவிட்டேன். ரவியிடம் சொன்னேன்.

"எனக்கே சொல்லலப்பா. அவங்கம்மாகிட்டயும் சொல்லல. இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. விடுங்க" என்றான்.

உண்மைதான். எத்தனையோ வருடம் ஒரே கல்லில் என்னோடு நின்றவன் என்ன வாங்கினான் என்று எனக்குத் தெரியாது. இந்த ஊரில் என் வருமானத்தைக் கேட்பது அரசாங்கம் ஒன்றுதான். என்னிடம் இருப்பது சிவப்பு ஐசி. இங்கேயே இருந்துகொள்ளலாம், ஆனால் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை என்பதற்கான அட்டை. குடிமகனுக்குத் தரும் நீல அட்டை கேட்டு எழுதிப் போட்டு, பல்லெல்லாம் கொட்டிப் பொய்ப்பல் கட்டியாகிவிட்டது, பதில் வரவில்லை. ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் கவுண்டரில் ஒரு பிள்ளை மலாயில் வருமானம் எவ்வளவு என்று கேட்கும். இல்லை என்பேன். அது நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, போன தடவை எழுதியதையே எழுதிக்கொள்ளும். போன தடவை என்ன எழுதியது என்று நான் கேட்டதில்லை.

நம் ஊர் அப்படியா? முதல் லீவில் நான் ஊருக்குப் போனபோது பஸ்ஸிலிருந்து பெட்டியை இறக்குவதற்குள் கேட்டுவிட்டார்கள்.

"என்னப்பா சுப்பையா, சம்பளம் எம்புட்டு?"

நான் வாயைத் திறக்குமுன் என்னைக் கூட்டிப் போக வந்திருந்த தாய்மாமன் ஒரு தொகையைச் சொன்னார். சாயங்காலம் டீக்கடைக்குப் போனால் அங்கே அது இரண்டு பங்காகி உட்கார்ந்திருந்தது. நான் தப்பித்தவறி "தே தாரிக்" என்று மலாயில் டீ கேட்டுத்தொலைத்தேன். பழக்கத்தில் வந்துவிட்டது. "பாத்தியா, சம்பளம் பேசுது" என்றார் கடைக்காரர். கல்லில் நின்று நான் வாங்கியது அதில் கால்வாசி இருக்கும். இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

4

பத்து நாளில் அபிநயாவுக்குக் கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. நீ தேர்வாகிவிட்டாய், வாழ்த்துகள், மற்ற விவரம் பின்னால் வரும் என்று. வீட்டில் கேசரி கிண்டினார்கள். சம்பள விவரம் பின்னால் வரும் என்பதை செல்வம் காதில் வாங்கவில்லை. நாம் ஐம்பது கேட்டோம், அவன் சரி என்றுவிட்டான், வேறென்ன விவரம்? விலையைச் சொல்லி எதிராளி மாட்டை அவிழ்த்துவிட்டால் அந்த விலைக்கு ஒத்துக்கொண்டான் என்றுதானே அர்த்தம்.

நேரே அறந்தாங்கிக்குப் போய், அன்றைக்குப் போனில் பிடித்த படத்தைக் காட்டி பிளெக்ஸ் அடித்துவிட்டான். நம் பக்கத்தில் காது குத்துக்கும் பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலிக்கும் பிளெக்ஸ், உங்களுக்குத் தெரியாததா? பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இரண்டு சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினான். நடுவில் பட்டமளிப்பு அங்கியில் அபிநயா. தலைக்கு மேலே "எங்கள் குலவிளக்கு". கீழே அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடித்த அந்த எண், பெரிய எழுத்தில், "மாதம் ஐம்பதாயிரம் ஊதியத்தில் பணியில் சேரும்" என்று. அதற்கும் கீழே வாழ்த்தும் உறவினர்கள், ஆளுக்கொரு வட்டத்தில். கருப்பையா வட்டம் மட்டும் கொஞ்சம் பெரிது. தாய்மாமன் படம் சின்னதாக இருந்தால் காது குத்துக்கு வரமாட்டேன் என்றிருப்பான் போல. அபிநயாவுக்குக் காது குத்தி எத்தனையோ வருடம் ஆகிறது, இனி யாருக்குக் காது குத்தோ.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு செல்வம் போனில் சொன்னது ஒன்றுதான். "பெரியப்பா, ஒங்க படமும் போட்டிருக்கேன். முன்வரிசையில."

5

அடுத்த வாரம் விவரம் வந்தது. மாதம் இருபத்திரண்டாயிரம். திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சனிக்கிழமை நான் டீ குடித்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. செல்வம்.

"பெரியப்பா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா. போக வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏன்டா?"

"இருவத்திரெண்டாம் பெரியப்பா. ஊரு பூரா அம்பதுன்னு தெரியும். பஸ்சுல போறவன் வாரவன் எல்லாம் படிச்சிட்டான். இனி நான் எப்படி வெளிய தல காட்டுறது? ஆறு மாசம் பொறுத்தா அம்பதே கெடைக்கும். இருக்கட்டுமே, வீட்டுல சோறு இல்லையா?"

"அவகிட்ட குடு."

அபிநயா வாங்கினாள். அழுதிருக்கிறாள், மூக்கு அடைத்த குரல். "தாத்தா, எங்க கிளாசுல பாதிப் பேருக்கு இன்னும் ஒண்ணுமே வரல. நான் மூணு ரவுண்டு பேசி வாங்குனது இது. ஆறு மாசம் சும்மா இருந்தா இதுவும் கெடைக்காது, ஏன் சும்மா இருந்தேன்னு அதையும் கேப்பாங்க. நான் இன்னும் பதில் போடல. போனப் புடுங்கி வச்சிட்டாங்க, இப்ப ஒங்ககிட்ட பேசத்தான் குடுத்தாங்க. எனக்கு வேல வேணும் தாத்தா. அம்பதாயிரம் அப்பாவுக்குத்தான் வேணும்."

படித்த பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்ல? இந்த வயதில் நான் ஒரு பெண் பிள்ளையைப் பார்த்து வேலைக்குப் போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, போ என்று சொல்லி அவள் அப்பனோடு பகைக்கவும் மனம் வரவில்லை. கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று, "அந்தப் பிளெக்ஸக் காட்டு, நான் இன்னும் பாக்கலயே" என்றேன்.

செல்வம் போனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். அபிநயாவும் கூடவே வந்தாள். வீடியோவில் முதலில் ரோடு, பிறகு ஒரு ஆடு, பிறகு பிளெக்ஸ். தூரத்தில் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. கிட்டே கொண்டு போகச் சொன்னேன். முன்வரிசை வட்டங்களில் என்னைத் தேடினேன், காணவில்லை.

"எங்கடா நான்?"

"இந்தா பெரியப்பா, மொத ஆளே நீங்கதான்."

பார்த்தேன். என் முகம்தான். சிவப்பு ஐசிக்காக எடுத்து ஊருக்கும் ஒன்று அனுப்பிய படத்தைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் கழுத்துக்குக் கீழே நான் இல்லை. கருநீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, சிவப்பில் டை. பையில் ஒரு கைக்குட்டைகூட முக்கோணமாக எட்டிப் பார்த்தது. அடியில், "தொழிலதிபர் சுப்பையா, மலேசியா".

"இந்தக் கோட்ட எனக்கு எப்படா தச்ச?"

"கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டர்ல போட்டுவிட்டான் பெரியப்பா. வெளிநாட்டு ஆளுன்னா கோட்டு போடணும்னான்."

"நம்மூருல யாராச்சும் நம்புனாங்களா?"

"யாரு நம்புவா?" செல்வம் சிரித்துவிட்டான். "நீங்க ரொட்டி போட்டது ஊருக்கே தெரியுமே. டீக்கடையில பாத்துட்டு, சுப்பையாண்ணன் கோட்டோட மாவு பெசையிறாரான்னு ஒரே சிரிப்பு."

"அப்ப என் கோட்ட நம்பாதவன், அதுக்கு மேல இருக்க அம்பதாயிரத்த மட்டும் எப்படிடா நம்பியிருப்பான்?"

செல்வம் போனைக் கீழே இறக்கிவிட்டான். அவன் செருப்பும் புழுதியும்தான் தெரிந்தன. பின்னால் யாரோ கேட்கிற சத்தம். டீக்கடைக்காரராகத்தான் இருக்கும். "என்ன செல்வம், காலையிலயே பிளெக்ஸுக்குக் காவலா?"

"இல்ல மாமா. புள்ளைக்குச் சம்பளம் இருவத்திரெண்டுதானாம்."

என் காதால் கேட்டேன். அவனாகவே சொன்னான்.

"அது போதுமேப்பா மொதல்ல. எம் மகன் பதினஞ்சுலதான சேந்தான். எந்தப் பிளெக்ஸுலடா உள்ளத போட்டிருக்கான்? எப்பப் போகுது புள்ள?"

அபிநயா அப்பன் கையிலிருந்து போனை வாங்கினாள். "தாத்தா, நான் அப்புறம் பேசுறேன், வச்சிரட்டுமா? மெயில் அனுப்பணும்."

வைத்துவிட்டாள். இங்கே கோமதி மாவாட்டிக்கொண்டே எல்லாம் கேட்டிருக்கிறாள். "மாமா, தொழிலதிபருக்கு இட்லியா தோசையா?" என்றாள்.

6

அன்றைக்குச் சாயங்காலம், அபிநயா அனுப்பியிருந்த பிளெக்ஸ் படத்தை தினேஷுக்குக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான். சிரித்து முடித்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டான். சொன்னேன். ஊர் எதிரில் எல்லாரும் சம்பளத்தைப் பேசுவார்களா என்று ஆச்சரியப்பட்டான். எங்கள் அப்பா பேச மாட்டார் என்று சொல்லி, துண்டுக்குள் விலை பேசிய கதையைச் சொன்னேன். மழை, காய்ச்சல் எல்லாம் சேர்த்தே சொன்னேன். கோமதி அப்போது அங்கே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவனுக்கும் வேலை கிடைத்தது. வீட்டில் கேக் வெட்டினோம். ரவி கேட்கவில்லை, கோமதி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாரும் எழுந்து போன பிறகு தினேஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கை மேல் போட்டான். தன் கையை உள்ளே விட்டான்.

"எப்பிடி தாத்தா? இந்த ஃபிங்கரா?"

"பேசாத. மாட்டப் பாரு."

மாட்டுக்கு எங்கே போக? இரண்டு பேரும் டீவியைப் பார்த்தோம். துண்டுக்குள் என் விரல்களைப் பிடித்தான், விட்டான், யோசித்து மறுபடி பிடித்தான். எத்தனை விரல் என்று இங்கே சொல்லப் போவதில்லை. எழுதுவது அவன் அம்மா.

அபிநயா சென்னை போய்விட்டாள். ஹாஸ்டலில் தண்ணீர் உப்பாம், வேலை பிடித்திருக்கிறதாம். கிளம்புவதற்கு முதல் நாள் செல்வம் பிளெக்ஸைக் கழற்றிக் கொளுத்தப் போயிருக்கிறான். இவள்தான் தடுத்திருக்கிறாள். போனில் என்னிடம் சொன்னாள். "அத எரிக்கக் கூடாதுன்னுட்டேன் தாத்தா. சுருட்டி வைக்கச் சொல்லியிருக்கேன். ஒரு நாள் அம்பதாயிரம் வாங்குவேன்ல? அன்னைக்கு அதே எடத்துல கட்டி, கீழ நின்னு ஒரு போட்டோ எடுக்கணும். நீங்களும் வரணும், கோட்டோட."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து ஒருநாளும் கோட்டு போட்டதில்லை. தினேஷ் வாங்கித் தருவதாகச் சொல்கிறான்.

இப்போது ஒரு சிக்கல். போன வாரம் வள்ளி அனுப்பிய படத்தில், பாளை விட்ட அந்தத் தென்னைக்குப் பின்னால் மோட்டார்க் கொட்டகையின் கூரை தெரிந்தது. கூரை மேல் விரித்துக் கிடப்பது நம் பிளெக்ஸ். ஒழுகுகிறது என்று செல்வம் தூக்கிப் போட்டிருக்கிறான். வெயிலில் என் கோட்டு வெளுக்கத் தொடங்கிவிட்டது. அபிநயா முகம் இன்னும் நன்றாக இருக்கிறது, ஐம்பதாயிரமும் இருக்கிறது. ஒரு ஐப்பசி மழை தாங்காது.

போனில் நான் சொன்னால், "ஆகட்டும் பெரியப்பா" என்பான், செய்ய மாட்டான். அவன் பயப்படுவது ஊருக்குத்தான். அதனால் இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால், எங்கள் ஊர் ஸ்டாப்பில் இறங்கி, டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது செல்வத்தைக் கூப்பிட்டுச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். மழைக்கு முன்னால் அதை இறக்கி, துடைத்து, சுருட்டி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அது வேண்டும்.